ஏற்கெனவே வந்துவிட்ட கணவர்

"உங்க மனைவியோட கணவர் ஏற்கெனவே அங்க போய்ச் சேர்ந்துட்டார் சார்" என்றாள், விசா அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்.

மெக்கானிக்குக்குத் தன் காதின்மேல்தான் சந்தேகம் வந்தது. ஏசி ரிப்பேர் செய்கிறவன். நாள் முழுக்க கம்ப்ரஸர் இரைச்சலில் கிடக்கிற காது அது. குனிந்து, கண்ணாடியில் இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனான். அவள் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் கேட்டுவிட்டார்கள்.

"நான்தாம்மா அந்தக் கணவர்."

"சிஸ்டத்துல அப்படி இல்லையே சார். போன வருஷமே உள்ள போயிருக்கார். அதனால உங்க விண்ணப்பத்தைத் தள்ளிட்டாங்க. பாப்பாவுக்கு மட்டும் அனுமதி வந்திருக்கு. தாய் தகப்பனோட போய்ச் சேரலாம்னு போட்டிருக்கு."

"தகப்பன் இங்க நிக்கறேன்!"

"நாங்க விண்ணப்பத்தை வாங்கி அனுப்பறவங்கதான் சார். தப்புன்னா அங்கதான் எழுதணும்."

மனைவி அந்த நாட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பொய்ப்பல் செய்கிற கூடத்தில் வேலை. அவள் முதலில் போய்க் காலூன்றுவது, பிறகு இவனும் மகளும் போய்ச் சேர்வது என்று பேசி வைத்திருந்தார்கள். மகளுக்குத் தலைவாரக் கற்றுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அம்மாக்கள் வரிசையில் ஒற்றை ஆளாக நின்று, அந்த நாளுக்காகத்தான் அவன் காத்திருந்தான்.

வெளியே வந்ததும் போன் செய்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எனக்கு இன்னொரு புருஷனா? எங்க இருக்காராம்? பாத்திரம் கழுவவாவது வரச்சொல்லுங்க."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது?

விஷயம் இதுதான். இவன் பெயரையே கொண்ட, இவன் பிறந்த அதே வருஷத்தில் பிறந்த ஒருவன் அங்கே போயிருக்கிறான். எவனோ ஒரு குமாஸ்தா அவன் வந்த விவரத்தைக் கொண்டுபோய் இவன் மனைவியின் கோப்பில் சேர்த்துவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு வரவேண்டிய தபாலெல்லாம் இவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. அதில் ஒரு பஸ் டிப்போவிலிருந்து வந்த உறையை எடுத்துக்கொண்டு அவள் நேரில் போனாள். அங்கே பஸ் கழுவிக்கொண்டிருந்தான் அந்த ஆள். அவன் கதை இதைவிட மோசம். ஊரிலிருக்கும் தன் மனைவியை அழைக்க விண்ணப்பித்திருக்கிறான். உனக்குத்தான் இங்கேயே ஒரு மனைவி இருக்கிறாளே என்று திருப்பி அடித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல மெக்கானிக் 'உம்' கொட்டினான். மனதுக்குள் அந்த ஆளுக்குக் காகிதக்காரன் என்று பெயர் வைத்தான்.

இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ச் சொன்னால்தான் நம்புவார்கள் என்று, அவளும் காகிதக்காரனும் குடியேற்ற அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்கள். ஒரு முறை அதிகாரி லீவு. ஒரு முறை வேறு கிளைக்குப் போகச் சொன்னார்கள். இன்னொரு முறை, "பிரிஞ்சு வாழறதா இருந்தா அதுக்குத் தனியா விண்ணப்பம் குடுக்கணும்" என்றார்கள். அன்று அவள் போனில் அழுதாள். மெக்கானிக் கேட்டதெல்லாம் வேறு.

"மழையில எப்படிப் போனே?"

"அந்த அண்ணன் குடை கொண்டு வந்திருந்தாரு."

"ஒரு குடையா, ரெண்டு குடையா?"



அண்ணன் என்று சொல்ல எப்போது ஆரம்பித்தாள்? முன்பெல்லாம் 'அந்த ஆள்' என்றுதானே சொன்னாள்? ஏசியைக் கழற்றிப் போட்டுவிட்டு இதையே அசைபோட்டுக் கொண்டிருந்தான். ஒரு வீட்டில் ஒயரை மாற்றிக் கொடுத்து ஃபியூஸ் போயிற்று. அந்த அலுவலகத்தில் அவளும் காகிதக்காரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கூப்பிடும்போது இவன் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அவள் பக்கத்திலிருந்து எழுந்து போகிறவன் அவன். இவன் போட்டோவில் மட்டும் பார்த்த அவளுடைய புது ஸ்வெட்டரை அந்த ஆள் கிட்டத்தில் பார்த்திருப்பான்.

அவளோடு வேலை செய்கிற அம்மா ஒருத்தி ஊருக்கு வந்திருந்தாள். திரும்பும்போது மகளைக் கூட்டிப்போகத் தயார். மகளுக்கு வந்த அனுமதியும் சீக்கிரம் காலாவதியாகிவிடும்.

"அனுப்புங்க. நீங்க பின்னால வந்துடலாம்" என்று கெஞ்சினாள் மனைவி.

"எதுக்கு? அங்க வந்து எவனை அப்பான்னு கூப்பிட?"

"குழந்தையைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் கடையில் இருக்கும்போது ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பெண் குரல். காகிதக்காரனின் மனைவி.

"அண்ணா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. உங்க சம்சாரம் எப்படிப்பட்டவங்க?"

"என்னது?"

"எங்க வீட்டுக்காரர் போன் பண்ணா அவங்க பேச்சுதான். தங்கச்சி சொன்னாங்க, தங்கச்சி கூட வந்தாங்கன்னு. அவங்க டப்பாவுல கொண்டு வந்ததை ரெண்டு பேரும் சாப்பிட்டாங்களாம். நான் என்ன நினைக்கறது? நீங்களாவது அவங்களைக் கண்டிச்சு வைக்கக் கூடாதா?"

மெக்கானிக்குக்குச் சுர்ரென்று ஏறியது.

"இந்தாம்மா, நாக்கை அடக்கிப் பேசு. உன் புருஷனுக்கும் சேர்த்துத்தான் அவ நாயா அலையறா. லீவு போட்டு லீவு போட்டு வேலையே போற மாதிரி இருக்கு. அவளைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. "தெரியாதுண்ணா. அதான் உங்களைக் கேட்டேன்."

போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். தான் பேசியதைத் தானே கேட்டதுபோல் இருந்தது. இந்த வார்த்தையை ஒரு நாளாவது மனைவியிடம் சொல்லியிருக்கிறானா? அந்தப் பெண் கேட்டதைத்தான் இவன் மாதக்கணக்காக, குடை என்றும் அண்ணன் என்றும் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. டப்பாவில் என்ன சாப்பாடு என்ற கேள்வி அப்போதும் உள்ளே குடைந்தது.

ஆனாலும் அன்று மாலை மகளின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தான்.

விமான நிலையத்தில் மகள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நீ எப்ப வருவே?" "இதோ, பின்னாடியே" என்றான். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது அறைகள் திடீரென்று பெரிதாகிவிட்டிருந்தன.

மனைவி போட்டோ அனுப்பினாள். மகளை இறுகக் கட்டிக்கொண்டு அழுகிறாள். ஓரத்தில், சாமான் வண்டியைப் பிடித்தபடி, வழுக்கைத் தலையும் தொளதொளவென்ற சட்டையுமாக ஓர் ஆள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். மெக்கானிக் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஆள் அழகன் இல்லை என்பதில் ஓர் அற்பத் திருப்தி. ஆனால் அந்த வண்டியைத் தள்ளியிருக்க வேண்டியவன் இவன் அல்லவா? மகளின் பெட்டிமேல் இருந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோப்பைத் திருத்த இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். திருத்தியதாக ஒரு வரி வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. காகிதக்காரனின் மனைவிக்கு முதலில் அனுமதி கிடைத்தது. அதற்கும் இவனுக்குப் பொருமல்தான். ஒருவழியாக இவனும் போய்ச் சேர்ந்தபோது மகள் ஒரு பல் விழுந்து, ஒரு ஜாண் வளர்ந்து, இவனிடம் பேசக் கூச்சப்பட்டாள். அந்தக் கூச்சம் தெளிய இரண்டு நாள் பிடித்தது.

அதன்பிறகு கையைப் பிடித்து இழுத்துப்போய் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். "இது என் கட்டில். இது அம்மா ஷெல்ஃப். இந்தக் குழாய் ஒழுகிட்டே இருந்துச்சுப்பா, மாமாதான் சரி பண்ணாரு."

"எந்த மாமா?"

"பஸ் கழுவற மாமா."

மெக்கானிக் குழாயைத் திறந்து மூடினான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து, குழாயை முழுதாகக் கழற்றினான்.

"நல்லாத்தானே இருக்கு, எதுக்குக் கழட்டறீங்க?" என்று சமையலறை வாசலிலிருந்து கேட்டாள் மனைவி.

"வாஷர் சரியா உக்காரல" என்றான் அவன், திரும்பாமலே.