ஹோல்ட்காம்ப் அண்ட் சன்ஸ்

என் வீட்டுக்காரர் ஆல்வின் ஹோல்ட்காம்ப் கல்யாணமான கையோடு செய்த முதல் காரியம், தானியக் கொட்டகைச் சுவரில் ஆளுயர எழுத்தில் 'ஹோல்ட்காம்ப் அண்ட் சன்ஸ்' என்று எழுதியதுதான். அதன்பிறகு எங்களுக்குப் பிறந்தது ஒரே பெண், லோயிஸ். சன்ஸ் வரவேயில்லை. ஆனாலும் எழுத்து மங்க மங்க மனுஷர் ஏணி போட்டு ஏறி, அந்தச் சன்ஸையும் சேர்த்துப் புதுப்பிப்பார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும்.

லோயிஸின் கணவன் பெயர் ரஸ்ஸல் ப்ளங்கெட். இன்று பண்ணையில் பன்றிக்குத் தீனி வைப்பது முதல் சோளம் அறுப்பது வரை எல்லாம் அவனும் லோயிஸும்தான். ஆல்வின் அவனை ஒருநாளும் 'மாப்பிள்ளை' என்று வாய் நிறையக் கூப்பிட்டதில்லை. "ஏய் ப்ளங்கெட்" என்பார். அவன் ஏதாவது யோசனை சொன்னால், "வீட்டோட மாப்பிள்ளைக்கு வாய் எதுக்கு?" என்பார். அவன் சிரித்துக்கொண்டே டிராக்டரில் ஏறிவிடுவான்.

பண்ணை ப்ளங்கெட் கைக்குப் போனால் ஹோல்ட்காம்ப் பெயர் அழிந்துவிடுமாம். அதனால் அரிசோனாவில் நீச்சல்குளம் விற்கிற டெரன்ஸ் ஹோல்ட்காம்ப் என்ற தூரத்து உறவுக்காரனுக்கு எல்லாவற்றையும் எழுதிவைப்பது என்று முடிவு செய்துவிட்டார். அவன் ஒருமுறை இங்கே ஓஹையோவுக்கு வந்திருந்தான். பன்றிக் கொட்டகை வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் சண்டை போட்டேன், பேசாமல் இருந்தேன், சமைக்காமலும் இருந்து பார்த்தேன். எதுவும் பலிக்கவில்லை.

உயிலோடு குடும்ப வரலாற்றையும் அழகாக பைண்டு செய்து டெரன்ஸிடம் கொடுக்க ஆசை அவருக்கு. ஜெர்மனியிலிருந்து முதலில் வந்தவர் கெர்ஹார்ட் ஹோல்ட்காம்ப். ஒற்றை ஆளாக, கையில் கோடாரியோடு வந்தார் என்பது ஆல்வின் வீட்டுப் பெருமை. பால்டிமோரில் இறங்கிய கப்பலின் பயணிகள் பட்டியல் கிடைத்தது. அதில் கோடாரி இல்லை. மனைவி ஒன்று, இறகு மெத்தை இரண்டு.

ஆல்வின் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் கெர்ஹார்டின் கல்லறைக் கல்லில் பொறித்திருந்த சொந்த ஊருக்கு எழுதிக் கேட்டால், அங்கே கோயில் பதிவில் கெர்ஹார்ட் ஹோல்ட்காம்ப் என்று ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்ததாகவே இல்லை.

"அந்தப் பாதிரியார் குடிச்சிட்டுத் தூங்கியிருப்பாரு," என்றார் ஆல்வின்.

"ஊர்ப் பிள்ளையை எல்லாம் எழுதிட்டு, உங்க ஆளு வந்தப்போ மட்டும் தூங்கினாராக்கும்?"

கடைசியில் அந்த ஊரில் இப்படிப் பழைய பதிவுகளைத் தேடித் தருகிற ஆனெக்ரெட் என்ற ரிட்டயர்டு டீச்சரைப் பிடித்தார். அந்த அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் நேரில் பேசுவதாகச் சொன்னாள். மறுநாள் வக்கீலிடம் போவதாக ஏற்பாடு. டெரன்ஸ் வந்து சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் வேண்டுமென்றே அவனுக்குக் கொழுப்புத் துண்டாகப் பார்த்து வைத்தேன்.

ஆனெக்ரெட் திரையில் வந்ததும் சிரித்தாள். "உங்க ஆளு கிடைச்சிட்டாருங்க. கெர்ஹார்ட் ஸ்ட்ரோட்மன். கூலிக்காரர் மகன்."

"ஸ்ட்ரோட்மன் எங்களுக்கு எதுக்கும்மா? ஹோல்ட்காம்ப்தான் வேணும்."

"அவரேதாங்க இவரு. அப்பல்லாம் எங்க ஊர்ல பேரு பண்ணைக்குத்தான் சொந்தம். பண்ணைக்கார பொண்ணைக் கட்டிட்டு எந்த ஆம்பள அங்க குடிபோறாரோ, அவரு அந்தப் பண்ணைப் பேரை எடுத்துக்கணும். ஹோல்ட்காம்ப் பண்ணைக்கு வாரிசு அவரு பொண்டாட்டி எலிசபெத். அப்புறம் தீப்பிடிச்சுப் பண்ணை போச்சு, பேரோட கப்பலேறிட்டாங்க. உங்க கொள்ளுத் தாத்தா வீட்டோட மாப்பிள்ளைங்க."

ரஸ்ஸலுக்குப் புரையேறியது. லோயிஸ் அவன் முதுகைத் தட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்போ நான் யாரு?" என்று கேட்டான் டெரன்ஸ்.

"நீயும் ஸ்ட்ரோட்மன்தான்டா. சாப்பிடு," என்றேன்.

ஆல்வின் எழுந்து போய்விட்டார். சாயங்காலம் தேடிப் போனால் பன்றிக் கொட்டகையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த கெர்ஹார்டை நெனச்சேன் வெர்னா. பாவம், கல்யாணத்தன்னிக்கு அப்பன் பேரு போச்சு. மறுநாள் எவனோ புதுப் பேரு சொல்லிக் கூப்பிட்டா மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்? மனசு என்ன பாடு பட்டிருக்கும்!" சத்தியமாக அவர் கண் கலங்கியிருந்தது.

"ஆல்வின், கல்யாணத்துக்கு முன்னாடி என் பேரு என்ன?"

"வெர்னா பூஸ்கர்."

"அவளைப் பாவம்னு என்னிக்காவது சொல்லியிருக்கீங்களா?"

என் அப்பாவுக்கும் மகன்கள் இல்லை. பூஸ்கர் என்ற பெயர் என்னோடு முடிந்தது. அதைக் கல்யாணமான நாளிலிருந்து ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. அவரைச் சீண்டத்தான் கேட்டேன். கேட்டு முடித்ததும் நானும் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பன்றிகள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றன. ஆல்வின் இன்னொரு வாளியை எடுத்து எனக்காகக் கவிழ்த்துப் போட்டார்.

மறுநாள் காலையில் டெரன்ஸை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, அப்படியே தனியாக வக்கீலிடம் போய்வந்தார். என்ன எழுதினார் என்று என்னிடம் மூச்சுவிடவில்லை. வந்ததும் ஏணியை எடுத்துக் கொட்டகையில் சாத்தினார்.

"மாப்பிள்ளை, கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்றார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று ரஸ்ஸல் திரும்பிப் பார்த்தான். பிறகுதான் ஓடிப்போய்ப் பிடித்தான்.

'அண்ட் சன்ஸ்' முழுவதையும் கொட்டகைச் சுவரின் அதே சிவப்புப் பெயிண்டால் மூடினார். கையும் சட்டையும் சிவப்பாகிவிட்டன. அந்தச் சட்டையை இனி எந்தச் சோப்பாலும் வெளுக்க முடியாது.

"அந்த இடத்துல என்ன மாமா எழுதப் போறீங்க?" என்றான் ரஸ்ஸல் கீழேயிருந்து.

"என்னை ஏன்டா கேக்கற? லோயிஸைக் கேளு. பண்ணை அவளோடது."