மூன்று பிளகினுக்கு ஒரே என்விரான்மென்ட்

வலங்கைமான் பக்கத்து உழவர் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பவள் சுடர்விழி. அவள் எழுதிய மென்பொருளில் மூன்று பிளகின்கள், அதாவது துணை நிரல்கள். ஒன்று நெல்லின் ஈரப்பதம் பார்க்கும், ஒன்று உர இருப்பைச் சொல்லும். மூன்றாவது மணிக்கொருமுறை வடிகாலை அளந்து, தண்ணீர் ஏறினால் விவசாயிகளின் போனை அலறவைக்கும். அலறுவதும் அவள் பதிந்துவைத்த குரல்தான்.

கம்ப்யூட்டரோ அரதப்பழசு. ஆளுக்கொரு என்விரான்மென்ட், அதாவது ஓடுவதற்குத் தனி அறை, கொடுத்தால் மூச்சு வாங்கும். நம் ஊரில் வயலுக்கு வயல் தண்ணீர் பாய்வதில்லையா, தனி வாய்க்காலா வெட்டிக்கொள்கிறோம் என்று மூன்றையும் ஒன்றிலேயே ஓடவிட்டாள். மேல்வயல்காரன் மடையை அடைத்தால் கீழ்வயல் காயும் என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவில்லை.

தையில் கொள்முதல் நெருக்கியது. ஈரப்பதப் பிளகினுக்காக, மூன்றும் பொதுவாக எடுத்தாளும் நிரல் தொகுப்பான லைப்ரரியைப் புதுசாக மாற்றினாள்.

"மத்த ரெண்டையும் ஓட்டிப் பாத்துடலாமா சுடர்?" என்றாள் கூட வேலை பார்க்கும் எழில்மொழி.

"உரம் ஓடுது. வடிகாலை விடு. அறுப்பு நேரத்துல எந்த மழை வந்து கொட்டப்போவுது?"

அட, டெல்டாவில் பிறந்தவள் பேசுகிற பேச்சா இது! பேசினாள்.

மூன்றாம் நாள் இரவு கொட்டியது. தான் நம்பியிருந்த பழைய லைப்ரரி போனதில் வடிகால் பிளகின் சத்தமில்லாமல் செத்துக் கிடந்தது. அவளுடைய பெரியப்பா தங்கையனுக்கு ஆறு மா நிலத்தில் சம்பா, அறுக்க ஆள் சொல்லியாகிவிட்டது. வானம் கறுத்தால் மண்வெட்டியோடு மதகடிக்கு ஓடுகிற மனுஷர் அவர். மதகுப் பலகையை இறக்காவிட்டால் வடிகால் தண்ணீர் எதிர்த்து ஏறி வயலுக்குள் வந்துவிடும். இந்த வருஷம் ஓடவில்லை. "போன் அடிக்கும், பேசாம வீட்ல இருங்க பெரியப்பா" என்று சொன்னவள் இவளே.

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் வடிகால் பிளகின் மூன்று நாளாக ஓடாதது தெரிந்தது. பழைய லைப்ரரியோடு அதற்குத் தனி என்விரான்மென்ட் போட்டாள். பத்தே நிமிட வேலை. பாவி, இதற்காகவா சோம்பினோம் என்று தலையில் அடித்துக்கொண்டு வயலுக்கு ஓடினாள்.

கதிரெல்லாம் சாய்ந்து தண்ணீருக்கடியில் கிடந்தது. தங்கையன் வரப்பில் நின்றார்.

"அடிக்கும்னு சொன்னியேம்மா. அதான் போவல."

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அலறியது. "வடிகால்ல தண்ணி ஏறுது. சீக்கிரம் பலகையை எறக்குங்க." அவள் குரலேதான்.

தங்கையன் கடைசிவரை கேட்டார். குத்தலில்லை, கோபமில்லை. வழக்கம்போலத்தான் அவளிடம் கேட்டார்.

"இப்ப எறக்கட்டுமாம்மா?"