பெட்டரித் தொட்டி

பசு கன்று போட்டதும் கொழும்பை விட்டு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான் நல்லமுத்து. இரண்டு மாடு ஆகிவிட்டால் பால் ஊற்றியே பிழைத்துக்கொள்ளலாம், கடை முதலாளியிடம் கைகட்டி நிற்க வேண்டாம் என்பது அவன் எண்ணம். அதனால் அவன் பெண்சாதி பேச்சியம்மா பசுவின் வயிற்றைப் பார்க்கிற பார்வையே வேறு. மாசம் மாட்டுக்கா உனக்கா என்று டயகமத் தேயிலைத் தோட்டத்தில் அந்த லயத்து வரிசை வீடுகளே கேலி செய்தன. செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். ஏங்குகிறவளுக்குத்தானே தெரியும்.

பக்கத்துக் காம்பரா ராக்காயி தன் மாடுகளை அவிழ்த்து விட்டுவிடுவாள். அவை ஓடைக்கரையில் மேய்ந்து, ஓடையிலேயே குடித்து, எலும்பும் தோலுமாகப் பொழுது சாய வந்து சேரும். பேச்சியம்மாவுக்கு அதெல்லாம் ஆகாது. மலையில் கொழுந்து எடுத்து முடித்து, அந்த ஓடைக்கரைப் புல்லையே அறுத்துத் தலையில் சுமந்து வந்து, பசுவைக் கொட்டிலிலேயே ராணி மாதிரி வைத்திருந்தாள். தவிடும் ஓடைத் தண்ணீரும் ஒரே தொட்டியில். லயத்துக்குக் கரண்டு வராத காலம் அது, டீவி பெட்டரியில்தான் ஓடும். செத்துப்போன பெரிய லொறி பெட்டரி ஒன்றைப் போன தீபாவளிக்கு வந்தபோது நல்லமுத்து அறுத்து, உள்ளே இருந்ததைத் தட்டிக் கொட்டி, ஓடையில் கழுவித் தொட்டியாக்கித் தந்தான். மூலையில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பசையை யார் கண்டார்கள்? பழைய அண்டா ஒன்று தருகிறேன் என்று ராக்காயி சொன்னபோதுகூட இவள் வாங்கவில்லை. அவன் கைபட்ட சாமான் அந்த வீட்டில் வேறென்ன இருந்தது, சொல்லுங்கள். புளித்த கஞ்சியில் தவிட்டைக் கரைத்து ஊற்றும்போதெல்லாம், அவன் குந்தியிருந்து விளிம்பை அரம் போட்ட கோலம் அவள் கண்ணில் நிற்கும்.

மாடு தீனியைக் குறைத்தது. பல்லை நறநறவென்று கடித்தது. ஒருநாள் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினாலும் இமைக்கவில்லை. திருஷ்டிதான் என்று பேச்சியம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். மறுநாளே, நாள் நிறையாமல் கன்று செத்து விழுந்தது.

மாட்டு டாக்டர் மயூரதன் யாழ்ப்பாணத்துக்காரர். ராக்காயியின் மாடுகளையும் பார்த்தார். அவை மெலிவுதான், ஆனால் நோயில்லை. ஒரே புல், ஒரே ஓடைத் தண்ணீர், இதற்கு மட்டும் என்ன வந்தது என்று யோசித்தபடி கொட்டிலுக்குள் வந்தவர், தொட்டியின் மூலையை விரலால் வழித்துப் பார்த்தார்.

"இதிலயோ அம்மா தீன் வைக்கிறனீங்கள்? பெட்டரிக்குள்ள இருக்கிறது ஈயம். ஊறி ஊறி மாட்டுக்குள்ள போயிருக்கு. வெளியில மேயிற மாடுகள் தப்பீட்டுது."

ரத்தம் எடுத்தார், ஊசி போட்டார். பாலை யாரும் குடிக்கக் கூடாது என்றார். மாடு பிழைத்தாலும் கண் திரும்புவது சந்தேகம் என்றார். பேச்சியம்மா பாதியைக் காதில் வாங்கவில்லை. அவனும் ஆசையாகத்தான் செய்தான், நானும் ஆசையாகத்தான் ஊற்றினேன், போயும் போயும் இதற்கா என்று தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய், கொமினிகேஷன் என்கிற போன் கடையில் இருந்து அவன் வேலை செய்யும் கடைக்குக் கோல் எடுத்தாள். கன்று போட்டுவிட்டதா என்றுதான் அவன் முதலில் கேட்டான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் குறைந்தா போய்விடுவான்? கன்று செத்துப் பிறந்ததைச் சொன்னாள், மாட்டுக்குக் கண் போனதையும் சொன்னாள். ஏன் என்று கேட்டான். தொட்டி விஷயம் தொண்டை வரை வந்தது. சொன்னால் அந்த மனுஷன் ஆயுசுக்கும் தன் கையையே வெறுப்பான். தெரியவில்லை என்று விழுங்கிவிட்டாள்.

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "அப்ப நான் வந்து என்னா புள்ள செய்ய?"

அடுத்துப் போன் பேச இவளுக்குப் பின்னால் நின்றவன் செருமினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து மாட்டைச் சொல்லி, கன்றைச் சொல்லித்தான் அவனை ஊருக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

"என்னப் பாக்க வாங்க. எனக்கு நீங்க வேணும்."

கடையில் முதலாளி அவனைக் கூப்பிடுவது போனில் கேட்டது. அப்போதும் அவன் போனை வைக்கவில்லை.