எழுப்பாமல் போன ஏஎஸ்பி

கஜேந்திரனைச் சுட்டுக் கொன்ற அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வில்லங்கம் எல்லாம் அந்த மழையால் வந்ததுதான்.

சுட்டது நிஜப் பொலிஸ் இல்லை. கொழும்பிலிருந்து வந்திருந்த டிவி நாடகக்காரர்கள். 'எட்டாம் பிரிவு' என்று சிங்களத்தில் ஓடுகிற நாடகம். பயங்கரவாதிகளைத் தேடிப் பிடிக்கிற ஒரு பொலிஸ் பிரிவின் கதை. பாஷை அரைகுறையாகப் புரிந்தாலும், நமுனுகுல மலையடியில் இருக்கும் அந்தத் தோட்டக் குடியிருப்பு லயத்தில் பாதிச் சனம் சோற்றுத் தட்டோடு அதன் முன்னால் உட்கார்ந்துவிடும். அதில் வருகிற ஏஎஸ்பி, கறுப்பு உடுப்பும் கறுப்புக் கண்ணாடியுமாக, யாரையும் விடமாட்டான். அவனே தங்கள் தோட்டத்துக்கு வந்து, தேயிலைக்குள் ஒருவனைத் துரத்திச் சுடப்போகிறான் என்றதும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அதே பேச்சாகக் கிடந்தது.

ஓடி விழுந்து சாக ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். கஜேந்திரன் கையைத் தூக்கிவிட்டான்.

"எனக்குச் சாகுறது பழக்கம் சேர். வருசா வருசம் சாகுறேன்."

அது பொய்யில்லை. மாசியில் நடக்கும் காமன் கூத்தில் அவன்தான் காமன். சிவன் வேசம் கட்டும் நல்லையா நெற்றிக்கண்ணைத் திறந்ததும் தப்புச் சத்தம் நின்றுபோகும், இவன் மண்ணில் விழுவான். விழுந்தவன் தானாக எழுந்துவிட முடியாது. சிவன்தான் வந்து தண்ணீர் தெளித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்துத் தூக்கவேண்டும். அதுவரை அவன் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. அந்தத் தோட்டத்தில் இது யாரும் கேள்வி கேட்காத சட்டம்.

நாடகத்திலும் நன்றாகத்தான் செத்தான். தண்ணீர்க் கானைத் தாண்டிக் குதித்து, சட்டைக்குள் கட்டியிருந்த சிவப்புச் சாயப் பை வெடிக்க, முகங்குப்புற விழுந்தான். ஏஎஸ்பி வந்து சப்பாத்துக் காலை அவன் முதுகில் வைத்து, ரேடியோவில் ஏதோ சொன்னான். அவனைக் கறுப்புப் பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்து மூடினார்கள். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. எவனோ பெக்கப் என்று கத்த, ஆளாளுக்குக் கெமராவை மூடிக்கொண்டு ஓடினார்கள். ஏஎஸ்பி ஜீப்பில் ஏறிப் போய்விட்டான். பை அப்படியே ரோட்டோரத்தில் கிடந்தது.

கஜேந்திரன் உள்ளிருந்தே சிப்பைப் பிடுங்கித் திறந்து, சாயம் வழிய வழியச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். கொழுந்துக் கூடையோடு மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி துஷாந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு மாத வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, யாரும் எழுப்பலயே."

"அடி போடி, இது டிவி."

அவன் அம்மா இராக்கம்மா முன்னதாகவே வீட்டுக்கு நடந்துவிட்டாள். பொழுதுசாய அவன் வீட்டுக்கு வந்தபோது, பாயும் சோற்றுத் தட்டும் வெளி இஸ்தோப்புத் திண்ணையில் கிடந்தன. காம்பரா அறையின் கதவு சாத்தியிருந்தது.

"அம்மா, அது வேசம்மா."

"காமனும் வேசந்தான்" என்றாள் உள்ளேயிருந்து.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எவருக்கும் ஓரிடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. கஜேந்திரன் இஸ்தோப்பில் புரண்டு படுப்பான், எழுந்து தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போவான், திரும்பி வருவான். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் கத்தி நழுவி அவன் இடது கை கிழிந்தது. பன்னிரண்டு வருசமாக அந்தக் கத்தியைப் பிடிக்கிறவன். துஷாந்தினிக்குக் கொழுந்தில் கை நிற்கவில்லை. முற்றலைக் கிள்ளிக் கங்காணியிடம் பேச்சு வாங்கினாள். வயிற்றுப் பிள்ளையும் ஒரு பக்கமாக இருக்காமல் உருண்டுகொண்டே கிடந்தது. வேறு நேரமென்றால் சந்தோசப்பட்டிருப்பாள். இப்போது ஒவ்வொரு உதைக்கும் பயந்தாள். செத்துக் கிடக்கிறவனுக்குப் பிள்ளை பெறப்போகிறேனா என்று ஒரு நினைப்பு. இலையை உதறுகிற மாதிரி உதறிப் பார்த்தாள், போகவில்லை.

நல்லையாவைத் தேடிப் போனாள்.

"மாமா, நீங்களே வந்து எழுப்பி விட்டுருங்களேன்."

நல்லையா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தலையாட்டினார். "நான் எரிச்சிருந்தா நான் எழுப்புவேன். இவனைச் சுட்டது வேற ஆளு. சுட்டவந்தான் எழுப்பணும்."

"அவன் நடிகனாச்சே."

"நானும் சிவன் இல்ல தாயி. பெக்டரியில கொழுந்து கொட்டுறவன்."

நாடகக்காரர்கள் பதுளை ரயில் ஸ்டேசனில் படம் பிடிக்கிறார்கள், வியாழக்கிழமையோடு கொழும்புக்குத் திரும்புகிறார்கள் என்று கடைப்பக்கம் பேச்சு அடிபட்டது. வியாழன் காலை துஷாந்தினி பெரட்டுக்குப் போகவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு இஸ்தோப்பில் வந்து நின்றாள்.

"கெளம்புங்க."

"பைத்தியமா ஒனக்கு? கொழும்பு நடிகன்கிட்டப் போயி, என்னைச் சாகடிச்சே, எழுப்பி விடுன்னு கேக்கச் சொல்றியா? காறித் துப்புவானுங்க."

"துப்பட்டும். தொடச்சிக்கிட்டுக் கேப்போம்."

திரும்பிப் பார்த்தால் இராக்கம்மாவும் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்தும் கஜேந்திரன் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டர் போட்ட கையை ஆட்டி ஆட்டி, பதுளை வரைக்கும் நின்றே வந்தான்.

ஸ்டேசனில் சனம் மொய்த்தது. மேடையில் கயிறு கட்டி, கறுப்பு உடுப்புக்காரர்கள் துப்பாக்கிகளோடு நின்றார்கள். மிச்ச எட்டாம் பிரிவு அங்கேதான் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது. தோட்டத்தில் நடிக்க ஆள் பிடித்த ஜஸீல் கயிற்றோரம் நின்றான். டைரக்டருக்கு உதவியாள், தமிழ் பேசுகிறவன்.

"அட, நம்ம மையித்து வந்திருக்கு" என்று, தாங்கள் சுட்ட பிணமே நடந்து வந்த மாதிரிச் சிரித்தான். "என்ன தம்பி, கை என்னாச்சு?"

துஷாந்தினி விசயத்தைச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு தலையைச் சொறிந்தான், பிறகு போய் ஏஎஸ்பியின் காதில் குனிந்தான். ஏஎஸ்பி இவர்களைப் பார்த்து, கண்ணாடியைச் சரிசெய்து, செல்பிக்கு நிற்கிற மாதிரி நின்றான். ஜஸீல் மறுபடி குனிந்தான். நடிகனின் முகம் மாறியது.

"தங்கச்சி, சேர் என்ன செல்றாருன்னா," ஜஸீல் திரும்பி வந்து குரலை இறக்கினான், "இந்த உடுப்போட அப்படிச் செய்ய ஏலாதாம். இத்தனை பேர் கையில போன் ஈக்கி. ஏஎஸ்பி பயங்கரவாதியைக் கையைப் பிடிச்சுத் தூக்குறான்னு நாளைக்கு பேஸ்புக்ல கிழிச்சிருவானுகளாம்."

"இவரு பயங்கரவாதி இல்லன்னு அவருக்குத் தெரியுந்தானே."

"அவருக்குத் தெரியும். சனத்துக்கு?"

"அப்ப சனத்துக்கும் தெரியட்டுமே."

கஜேந்திரன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "வா புள்ள போவோம். மானம் போகுது."

அப்போதுதான் இராக்கம்மா கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். ஏஎஸ்பியின் முன்னால் போய் நின்றாள். அவன் மார்பளவுக்குத்தான் இருந்தாள்.

"சேர், என் தம்பி வைரவநாதன். சண்டை நடந்த காலத்துல, இந்தா இந்த டவுனுல வச்சித்தான் ஜீப்புல ஏத்துனாங்க. யாருன்னு இன்னிக்கும் தெரியாது. செத்துட்டான்னும் சொல்லல, இருக்கான்னும் சொல்லல. கூட்டிக்கிட்டுப் போனவுங்களைத் தேடி நான் ஏறாத படி இல்ல. அவுங்க கெடைக்கல." அவன் கறுப்பு உடுப்பை ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்க கெடைச்சிட்டீங்க."

ஏஎஸ்பி ஜஸீலைப் பார்த்தான். ஜஸீல் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நடிகன் கேட்டதற்குப் பிறகுதான், மெல்லிய குரலில், சிங்களத்தில் சொன்னான்.

நடிகன் கண்ணாடியைக் கழற்றினான். டிவியில் யாரும் பார்த்திராத கண்கள். தூக்கம் கெட்ட கண்கள்.

"நம மொகத்த?" என்று கஜேந்திரனைக் காட்டிக் கேட்டான். பேர் என்ன என்று அதற்குமுன் அந்த நாடகக் கூட்டத்தில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அவர்களுடைய பேச்சில் அவன் 'இரண்டாவது பயங்கரவாதி'.

"கஜேந்திரன்" என்றாள் துஷாந்தினி.

"படுங்க" என்றாள் புருசனைப் பார்த்து.

கஜேந்திரன் சுற்றிப் பார்த்தான். வெட்கத்தில் காது சிவந்திருந்தது. மேடைச் சிமெந்தில், வடைக் கடதாசிகளுக்குப் பக்கத்தில், அன்று மாதிரியே முகங்குப்புறப் படுத்தான். சனத்தின் சலசலப்பு நின்றது. துப்பாக்கி பிடித்த கறுப்பு உடுப்புகளுக்கு நடுவே ஒருவன் கிடப்பதைக் கண்டு, அப்போதுதான் கோச்சியிலிருந்து இறங்கியவர்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். ஓடிவந்த நிஜப் பொலிஸ் சார்ஜன் ஒருவர் ஏஎஸ்பியைக் கண்டதும் விறைத்து சல்யூட் அடித்தார். அடித்த பிறகுதான் கெமராவைப் பார்த்தார். எங்கோ ஒருவன் கிளுக்கென்று சிரித்து அடங்கினான்.

ஜஸீல் கொடுத்த போத்தல் தண்ணீரை ஏஎஸ்பி தெளித்தான். "கஜேந்திரன்" என்றான், நாடகக் குரலில்.

அசைவில்லை.

"கஜேந்திரன், நெகிட்டின்ன." எழும்புங்கள் என்றுதான் சொன்னான். குரல் இப்போது சின்னதாகிவிட்டது.

அசைவில்லை.

துஷாந்தினி அவன் விரலைப் பார்த்தாள். கூத்தில் மூன்றாந்தடவை கூப்பிடுமுன் அவன் விரல் அசையும். அவளுக்குத் தெரியும், காதலித்த காலத்தில் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது விரல் சும்மா கிடந்தது. ஓடிப்போய் உலுக்க வேண்டும்போல் கால் பரபரத்தது. இராக்கம்மா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"நீ தொடாத. அவன் எழுப்பட்டும்."

ஏஎஸ்பியின் முகத்தில் வியர்வை. தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தான். சிமெந்தில் மண்டியிட்டு, கஜேந்திரனின் அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்துப் புரட்டினான். வாய் லேசாகத் திறந்திருந்தது. உள்ளிருந்து ஒரு குறட்டை வந்தது.

தூங்கிவிட்டிருந்தான். இத்தனை நாளும் இஸ்தோப்பில் உருண்டவன், கொழும்பு நடிகன் தலைமாட்டில் நிற்க, நடு ஸ்டேசனில் செத்தவன் மாதிரித் தூங்கிவிட்டிருந்தான்.

"கஜேந்திரன். எலும்புங்க" என்றான் நடிகன், தெரிந்த தமிழில். அவனைத் தூக்கி உட்காரவைத்தான். பிறகு கையைப் பிடித்து நிற்கவைத்தான். கஜேந்திரன் திருதிருவென்று விழித்துவிட்டு, "மன்னிச்சிருங்க சேர், கொஞ்சம் அசந்துட்டேன்" என்றான்.

நாலைந்து பேர் கைதட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

ஜஸீல் வெளிவாசல் வரைக்கும் கூடவே வந்தான். "அடுத்த மாசம் அப்புத்தளையில இன்னொரு சீன் ஈக்கி தம்பி. சாக ஆள் வேணும்."

"எழுப்புற ஆளை மொதல்ல பேசி வச்சிட்டுக் கூப்புடுங்க" என்றாள் துஷாந்தினி.

திரும்பும் பஸ்ஸில் கஜேந்திரன் ஏறிய உடனேயே உட்கார்ந்தான். ஹாலிஎலப் பக்கம் வேலைக்குப் போய்த் திரும்பிய இரண்டு பெட்டைகள் போனில் எதையோ பார்த்து அவனைப் பார்த்தார்கள், அவன் கவனிக்கவில்லை. தலை துஷாந்தினியின் தோளில் சாய்ந்திருந்தது. பிள்ளை இன்னும் உருண்டது. உருளட்டும் என்று விட்டாள்.

முன் ஸீட்டில் இருந்த இராக்கம்மா திரும்பாமலே கேட்டாள்.

"டேய், அந்தாளு கை எப்படி இருந்துச்சு?"

"எந்தக் கை?" என்றான் அரைத் தூக்கத்தில்.

"ஒன்னைத் தூக்குன கை."

"சும்மா கைதாம்மா. நம்ம கை மாதிரி. கொஞ்சம் நடுங்குச்சு."

இராக்கம்மா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். வளைவுக்கு வளைவு எதிரே ஏறி வரும் ஒவ்வொரு ஜீப்பையும் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.