கம்பியா, தூண்டில் நரம்பா

தேனீப் பெட்டிக்குள் அடையைத் தாங்கும் மரச்சட்டத்துக்கு எந்தக் கம்பி நல்லது என்று மட்டும் யாரிடமும் யோசனை கேட்காதீர்கள். எங்கள் ஊர் ஷெஃபீல்டில் தேனீ வளர்ப்போர் சங்கக் கூட்டத்தில் நான் கேட்டுத் தொலைத்தேன். ஸ்டீல்தான் என்றார் ஒருவர். அது மரத்தை அறுத்துவிடும், ஈயம் பூசியதைப் போடு என்றார் பக்கத்தில் இருந்தவர். அது இளகித் தொங்கும் என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மூங்கில் குச்சியே போதும் என்றவரும் உண்டு. வீடு வந்து சேர்ந்தபோது எனக்கு என் பெயரே சந்தேகமாகிவிட்டது.

எனக்கு இது விளையாட்டில்லை. போன கோடையில் லெதர்வுட் மரங்கள் பூத்த காட்டிலிருந்து தேனீப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தோம். சரளைக்கல் ரோட்டுக் குலுக்கலில் பழைய கம்பிகள் விட்டுப்போய், அடைகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. தாங்கள் சேர்த்த தேனிலேயே தேனீக்கள் மூழ்கிச் செத்துக் கிடந்தன. என்னோடு வந்த மெர்ல் லாரிப் படியில் உட்கார்ந்து அழுதாள். இப்போது அந்த மரங்கள் மறுபடி மொட்டு விட்டாயிற்று. புதுச் சட்டங்கள் கட்டி முடித்தால்தான் காட்டுக்குப் போக முடியும்.

மெர்ல் என் வீட்டுக்காரரின் அக்கா. வீட்டுக்காரருக்குத் தேனீ கொட்டினால் மூச்சு நின்றுவிடும், ஆகவே தொழில் முழுக்க எங்கள் இருவருடையது. மெர்ல் கையால் இழுத்துக் கட்டிய ஸ்டீல் கம்பியைச் சுண்டினால் கணீரென்று கேட்கும். வேறு எதையும் தொடமாட்டாள். அப்படிப்பட்டவள் இந்த வருடம் திடீரென்று புதுப் பாட்டுப் பாடினாள்.

"தூண்டில் நைலான் நரம்பு போட்டுடலாம், க்ளெனிஸ். துருப்பிடிக்காது."

"நாம போடற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும்தான் துருப்பிடிக்காது."

"நரம்பு லேசு."

"லேசு எதுக்கு, அடை நிறையத் தேன் ஏறினா தளர்ந்து தொங்கிடும். தேனீ அதைக் கடிச்சே துப்பிடும்."

"அப்ப ஸ்டீலை நீயே கட்டிக்கோ. காட்டுக்கும் நீயே போ. நான் வரல."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தொழிலைக் கைகழுவப் பார்க்கிறாளா? என்மேல் ஏதாவது கோபமா? அவள் இல்லாமல் அந்த மலை ரோட்டில் பெட்டிகளை ஏற்றிப்போக எனக்குத் துணிவில்லை. சரி, கழுதை, அவள் வழிக்கே வருவோம் என்று ஒரு சட்டத்தில் நரம்பைக் கோத்தேன். மேலே மெழுகுத் தகட்டை வைத்து, வழக்கம்போல பேட்டரி வயரை நரம்பின் இரண்டு முனையிலும் தொட்டேன். கரண்டில் சூடேறி மெழுகுக்குள் இறங்கிப் பதிய வேண்டியது, அசையவே இல்லை. பேட்டரியை மாற்றினேன். வயரைச் சுரண்டினேன். டிராக்டர் பேட்டரியையும் கழற்றிக்கொண்டு வந்தேன்.

வாசலில் நின்ற மெர்ல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏன்டி, நரம்புல கரண்ட் எப்படிப் போகும்? மீனுக்கு ஷாக் குடுக்கவா?"

நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே எரிச்சல். மெழுகை உருக்கி ஊற்றி நரம்பை ஒட்டவைத்தேன். மறுநாள் பார்த்தால் அது தளர்ந்து தொங்கியது. எனக்கு வெற்றிதான். அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அவளுடைய கொட்டகைக்கு நடந்தேன்.

மெர்ல் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சட்டம். ஸ்டீல் கம்பி. அதன் முனையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். திரும்பியபோது உதட்டில் ரத்தம்.

"என்ன பண்றே நீ?"

"ஸ்டீல்தானே வேணும்னே? கட்டறேன்."

"கைக்கு என்ன?"

அவள் விரல்களை மூடிக் காட்டினாள். பாதிக்குமேல் மூடவில்லை. விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. "போன குளிர்லேர்ந்தே பிடி நிக்கல. டாக்டர் இனிமே இப்படித்தான்னுட்டாரு. நரம்புன்னா இழுக்கறதுக்கு இவ்வளவு பலம் வேணாம்."

இத்தனை நாள் அவளுடைய கையைப் பார்க்காமல் சங்கத்தில் போய்க் கம்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. தளர்ந்த சட்டத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"நரம்பே போடுவோம்," என்றேன்.

"அது தொங்கும்டி. நீதான் சொன்னே."

"நரம்பு வரிசையைக் கூட்டிக் கட்டுவோம். ரோட்டுல மெதுவா ஓட்டுவோம்."

"தேனீ கடிச்சா?"

"கடிக்கட்டும். மறுபடி கட்டுவோம்."

"கிறுக்கி. பேசாம ஸ்டீலே வாங்கு. நீ கட்டு. நான் வீட்டுல இருக்கேன்."

"நீ லாரில ஏறலைன்னா நானும் ஏறல, மெர்ல். காடு பூத்துக் கொட்டட்டும், எனக்கு வேணாம்."

அவள் மடியிலிருந்த சட்டத்தை இறக்கி வைத்துவிட்டு, நரம்புச் சுருளைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப முடிச்சையாவது ஒழுங்காப் போடு," என்றாள். "நீ போடற முடிச்சுல செத்த மீன்கூட தப்பிச்சுப் போயிடும்."