நாலு வரிதான் எடுத்தேன்

அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் ஒருவனுக்கு மட்டும்தான் அண்ணி; அங்கேயே வேலை பார்க்கும் சின்னவனின் அண்ணனைக் கட்டியவள். அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, தேநீர் கொண்டுவருபவரிலிருந்து அவளுக்கு அப்பா வயதாகும் முதலாளிவரை எல்லோருக்கும் அண்ணியாகிவிட்டாள். முதலாளி கூப்பிடும்போது மட்டும் குரலில் கொஞ்சம் பயமும் சேர்ந்திருக்கும்.

காரணம், அங்கே செய்கிற கருவிகளை அவள் டெஸ்ட் செய்கிறவள். அவள் கைக்குப் போன கருவி எதுவும் போன முகத்தோடு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. மாடிப்படியில் உருட்டுவாள். ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு மறந்ததுபோல் வீட்டுக்குப் போய்விடுவாள். விரலால் அழுத்த வேண்டிய பொத்தானை முழங்கையால் அழுத்துவாள். ஒரு கருங்கல்லைக் கொடுத்தாலும், தண்ணீரில் போட்டால் முங்குகிறது என்று குறை எழுதித் திருப்பி அனுப்புவாள் என்று அவள் முதுகுக்குப் பின்னால் பேச்சு.

சின்னவனுக்கு எதிர்ப்பக்க வேலை. சிப்புக்குள் ஓடும் புரோகிராமை எழுதுவான். அவள் உடைத்து அனுப்பியதில் எங்கே உடைந்தது என்று தேடுவான். சாதாரணத் தேடல் இல்லை அது. போர்டில் ஒரு கேபிளைச் செருகி, சிப்பை ஒவ்வொரு வரியாக நடக்கவைத்து, ஒவ்வொரு வரியிலும் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிற தேடல். அதில் உட்கார்ந்துவிட்டான் என்றால் கட்டடம் இடிந்து விழுந்தாலும் தலையிலிருக்கும் தூசியைத் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவான்.

இருவரும் சேர்ந்து இப்போது செய்துகொண்டிருந்தது ஒரு கைப்பட்டை. வயதானவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. கட்டியவர் விழுந்தால் அதுவாகவே தெரிந்துகொண்டு வீட்டார் போனை அலறவைக்கும். முதல் பட்டை யார் கைக்கு என்பதில் அவர்கள் வீட்டில் பேச்சே எழவில்லை. சின்னவனின் அப்பா ஏற்கெனவே ஒருமுறை குளியலறையில் வழுக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடந்தவர். பெரிய மகனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி தண்ணீரில். மற்ற இருவரும் அலுவலகம் போய்விட்டால் பகல் முழுக்க வீட்டில் அவர் ஒருத்தர்தான். துணைக்கு ஓர் ஆள் வைக்கலாம் என்று பேச்செடுத்ததற்கு, என் வீட்டில் என்னையே காவல் காக்க ஒருத்தனா என்று சுவரைப் பார்த்துக் கேட்டுவிட்டு, இரண்டு நாள் அந்தச் சுவரோடு மட்டும்தான் பேசினார். கடைசியில் பட்டைக்குச் சம்மதித்தார். அன்று காலைதான் சின்னவன் அதை அவர் கையில் கட்டிவிட்டு வந்திருந்தான். அதே பட்டைகள் ஒரு பெட்டி நிறைய, மறுநாள் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகத் தயாராக இருந்தன. அண்ணி பார்த்துச் சரி சொல்லியாயிற்று.

மத்தியானம் சாப்பிடும்போது சின்னவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெருமையடிக்கத் தோன்றிவிட்டது.

"காலைல அந்த பிரிண்ட் வரியெல்லாம் எடுத்துட்டேன் அண்ணி. இனிமே பேட்டரி ரெண்டு மடங்கு நிக்கும்."

அண்ணியின் கை வாய்க்குப் போகிற பாதி வழியில் நின்றது.

பிரிண்ட் வரி என்பது பெரிய விஷயமில்லை. கோளாறு தேடுகிறவன் புரோகிராமுக்கு நடுவே அங்கங்கே போட்டுவைக்கிற வரி. ஓட்டம் அந்த இடத்துக்கு வந்ததும், 'இங்கே வந்துட்டேன்' என்று ஒரு சேதியை வெளியே அனுப்பும். வேறு எந்த உபகாரமும் செய்யாது. தேடி முடித்ததும் பிடுங்கிவிடுவார்கள்.

"எப்ப எடுத்தே? நான் டெஸ்ட் பண்ணதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான். நாலு வரிதான் எடுத்தேன். அது என்ன அண்ணி வேலையா செய்யுது, சும்மா வளவளன்னு பேசிட்டிருக்கும்."

"மாமா கையில இருக்கிறது எது?"

"புதுசு. பெட்டியில இருக்கிறதுலயும் அதைத்தான் ஏத்தியிருக்கேன்," என்றான்.

அண்ணி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள். சின்னவனின் மேஜையில் அதே புதிய புரோகிராமோடு இன்னொரு பட்டை, கேபிள் செருகியபடி கிடந்தது. அதை எடுத்து நாற்காலி மெத்தைமேல் போட்டாள். இரண்டு பேர் போனும் ஒரே நேரத்தில் அலறின. சின்னவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாத்தீங்களா, சும்மா பயமுறுத்திட்டீங்க என்று சிரிக்கக்கூட ஆரம்பித்தான்.

"கேபிளைப் பிடுங்கு," என்றாள் அண்ணி.

பிடுங்கினான். பட்டையைக் கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கவிட்டு, மறுபடி எடுத்துப் போட்டாள். மெத்தை 'பொத்' என்றது. போன்கள் வாயைத் திறக்கவில்லை. இன்னும் உயரத்திலிருந்து போட்டாள். அப்புறம் மெத்தையை விட்டுவிட்டுத் தரையிலேயே போட்டாள். அறையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், பட்டையைத் தவிர அத்தனை பேருக்கும் அது விழுந்தது தெரிந்தது.

சின்னவன் அப்பாவுக்குப் போன் போட்டான். அப்பா போன் எடுக்கிற அழகு ஊரறிந்தது. முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுப்பார். தவறான எண்ணுக்குக் கூப்பிட்டவர்களிடமும் கால்மணி நேரம் நலம் விசாரித்துவிட்டுத்தான் விடுவார். இப்போது மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அடித்து ஓய்ந்தது.

அந்த நேரத்தில் வேறு எவனாக இருந்தாலும் வாசலைப் பார்த்து ஓடியிருப்பான். சின்னவன் என்ன செய்தான் தெரியுமா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேபிளை மறுபடி செருகினான்.

"ஒரே நிமிஷம் அண்ணி. எங்க மாட்டுதுன்னு மட்டும் பாத்துடறேன்."

"எங்கன்னு தெரிஞ்சா மாமா எந்திரிச்சிடுவாரா?"

அவன் எழுந்தான்.

ஸ்கூட்டரை அண்ணி ஓட்டினாள். சின்னவன் பின்னால் உட்கார்ந்து, அப்பா எண்ணை அமுக்கியபடி வந்தான். அந்த நகரத்தில் உள்ள அத்தனை சிவப்பு விளக்குகளும் இவர்களுக்காகவே சம்பளம் வாங்கிக்கொண்டு நின்றன. குறுக்கே போன ஒரு குப்பை வண்டி, ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல் அசைந்து அசைந்து போனது. சின்னவன் கண்முன் குளியலறைத் தரை வந்தது, படிக்கட்டு வந்தது, அடுப்பு வந்தது. இத்தனைக்கும் நடுவே மண்டையின் ஒரு மூலை வெட்கமில்லாமல் அந்த நாலு வரியைத் தேடிக்கொண்டேயிருந்தது. மூன்றாவது சிக்னலில் பிடிபட்டது. அண்ணியின் முதுகைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

பேட்டரியை மிச்சப்படுத்த, சும்மா இருக்கும்போது சிப்பும் தூங்கும், அசைவை அளக்கிற சென்சாரும் தூங்கும். ஆள் விழுந்த அதிர்ச்சியில் சிப் முதலில் எழுந்து, என்ன ஆச்சு என்று சென்சாரைக் கேட்கும். பிரிண்ட் வரி இருந்தபோது அது வளவளவென்று பேசி முடிப்பதற்குள் சென்சார் முகம் கழுவிக்கொண்டு வந்துவிடும். இப்போது பேச்சு இல்லை. எழுந்த வேகத்தில் கேட்டால், அது தூக்கக் கலக்கத்தில் பழைய கணக்கையே சொல்கிறது: எல்லாம் நலம். கேபிள் செருகியிருந்தால் இரண்டுமே தூங்காது. அதனால்தான் அவன் மேஜையில் எப்போதும் சரியாக இருந்தது.

அண்ணி திரும்பவில்லை. "நீ கேபிளோட பாத்தே. நான் அந்த நாலு வரியோட பாத்தேன்," என்றாள். "மாமா கையில இருக்கிறத யாரு பாத்தா?"

வீட்டு வாசலில் இறங்கியதும் சின்னவன் சாவியை எடுத்தான்.

சாவி பூட்டுக்குள் போக மறுத்தது. அண்ணி பிடுங்கித் திறந்தாள். கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அதைத் தவிரச் சத்தமில்லை. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஆளில்லை. சின்னவன் படுக்கையறைக்குள் போனான்.

அப்பா கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. ஒரு கால் மடங்கிய கோணத்தைப் பார்க்கவே முடியவில்லை. பாதம் பூசணிக்காய்போல் வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு கலவரமும் இல்லை. பட்டை கட்டிய கையை மட்டும் மடியில் பத்திரமாக ஏந்திக்கொண்டு, பஸ் வரும் என்று தெரிந்து காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டீங்களா," என்றார். "கொஞ்சம் லேட்டுதான். ரோட்ல கூட்டமோ?"

அண்ணி மண்டியிட்டுக் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அப்பா பேசிக்கொண்டேயிருந்தார். இவர்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அலமாரி மேலிருக்கும் போர்வையை எடுக்க ஏறினாராம். போன் கட்டில்மேல் கைக்கெட்டாமல் கிடந்து அடித்துக்கொண்டேயிருந்ததாம். வருகிறோம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். மேல்வீட்டுக்காரி படியில் நின்று யாரிடமோ வெகுநேரம் பேசியதுகூடக் கேட்டதாம்.

"அவங்களையாவது கூப்பிட்டிருக்கலாமேப்பா."

"எதுக்குடா அந்தம்மாவத் தொந்தரவு பண்ணணும்? அதான் கையில நீ கட்டிவிட்டிருக்கியே. அது சொல்லும், நீங்க வருவீங்கன்னு பேசாம உக்காந்துட்டேன். சொன்னபடி வந்துட்டீங்க."

சின்னவன் குனிந்து, கவிழ்ந்து கிடந்த ஸ்டூலை நிமிர்த்தி வைத்தான். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. முதலாளி. சாப்பாட்டை விட்டுவிட்டு இரண்டு பேரும் எங்கே ஓடினீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிட்டார். சத்தம் கேட்ட அப்பா கையை நீட்டி, கொடுடா நான் பேசுறேன் என்று வாங்கிக்கொண்டார். வாங்கியவர் பட்டையைப் புகழ்ந்தார் பாருங்கள், அப்படியொரு புகழ் அதைச் செய்தவர்களுக்கே தோன்றியிருக்காது. விழுந்தேன், கூப்பிட்டது, வந்துவிட்டார்கள். ஆளும் வேண்டாம் பேரும் வேண்டாம், இது ஒன்று போதும் என்றார். போனுக்குள் முதலாளி பூரிப்பது அறை முழுக்கக் கேட்டது. நிஜமாகவே ஒருத்தர் விழுந்து, நிஜமாகவே அது காப்பாற்றியிருக்கிறது. இதைவிடப் பெரிய டெஸ்ட் உலகத்தில் உண்டா?

போன் சின்னவன் கைக்குத் திரும்பியது. அப்பா சொன்னதை அப்படியே எழுதித் தா, பெட்டிமேல் அச்சடிக்கலாம் என்றார் முதலாளி. சின்னவன் அப்பாவைப் பார்த்தான். வலியை மீறி அவர் முகத்தில் ஒரு பெருமிதம். கோளாறு எங்கே என்று தெரியும். அந்த நாலு வரி பேசுகிற நேரத்துக்குச் சிப்பைக் காத்திருக்கச் சொன்னால் தீர்ந்தது. விடிவதற்குள் எல்லாப் பட்டைகளிலும் ஏற்றிவிடலாம். யாருக்கும் தெரியவேண்டிய அவசியமே இல்லை. அண்ணியைப் பார்த்தான். அவள் ஈரத்துணியை மாமனார் காலில் சுற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவேயில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

"சார், அது கூப்பிடல," என்றான். "ஃபெயில் ஆயிடுச்சு. நாங்க வந்தது அதனால இல்ல. பெட்டிய அனுப்பாதீங்க."

காரணம் தெரிந்ததா என்று கேட்டார் முதலாளி. தெரிந்தது என்றான். அப்புறம் என்ன, சரி பண்ணி அனுப்பவேண்டியதுதானே என்றார்.

"சரி பண்ணிடுவேன் சார். ஆனா சரியாச்சுன்னு நான் சொல்லக் கூடாது. அண்ணி முதல்லேருந்து பாக்கணும். கேபிள் இல்லாம."

போனை வைத்தபோது அப்பாவின் கை மடியிலிருந்து தரைக்கு இறங்கியிருந்தது. அவர் பட்டையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"அப்போ நான் கத்தியிருக்கணுமா?"

"ஆமாப்பா."

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து, பெரியவரே கொஞ்சம் பொறுத்துக்குங்க என்று காலுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அப்பா கத்தினார். காலையிலிருந்து மரியாதையாக அடக்கி வைத்திருந்த அத்தனையும் சேர்ந்து வந்தது. தெருக்கோடி வரைக்கும் ஜன்னல்கள் திறந்தன.

அது அடங்குவதற்குள் மேல்வீட்டுக்காரி தடதடவென்று படியிறங்கி, செருப்புகூட இல்லாமல் வாசலில் வந்து நின்றாள். என்ன ஆச்சு, எப்ப விழுந்தாரு, நான் காலைலேருந்து வீட்லதானே இருக்கேன் என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.