வாலில் ஒரு நடுக்கம்

ஆறுமுகநேரிக்கு வடக்கே, உப்பளங்கள் முடிந்து உடைமரங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு பொட்டல் கிடக்கிறது. டயர்க்கடை செந்தூர்வேலின் நிலம். ஞாயிற்றுக்கிழமைகளில் விஜிலா தூத்துக்குடியிலிருந்து வந்து அங்கேதான் மாடல் விமானத்தைப் பறக்கவிடுவாள். சின்ன விளையாட்டுச் சாமான் அல்ல அது. இரண்டு பேர் கைகோத்து நின்ற அகலத்துக்கு இறக்கை, பெட்ரோல் எஞ்சின். அவளும் அவள் கணவன் கிளைட்டனும் அவனுடைய இரண்டு விடுமுறைகளில் சேர்ந்து செய்தது. கிளைட்டன் கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசர். பிரேசிலில் இரும்புத்தாது ஏற்றிச் சீனாவில் இறக்கும் கப்பல். தூத்துக்குடிப் பக்கம் தலைகாட்டாத கப்பல்.

ஆடி முடிந்து காற்று தணிந்த ஒரு காலையில் அவள் விமானத்தை உயரே கொண்டுபோய், மூக்கைத் தாழ்த்தி வேகமாக இறக்கினாள். வாலிலிருந்து 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. தகர டப்பாவுக்குள் வண்டு அகப்பட்டதுபோல. விமானத்தை ஏற்றி இறக்குகிற மடல்கள் வாலின் இருபுறமும் உண்டு. அவற்றில் வலதுபக்க மடல் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"எஞ்சினைக் குறைங்கம்மா. வாலு பிஞ்சிரும்," என்றார் பக்கத்தில் நின்ற செந்தூர்வேல்.

அவள் விரல் அதற்கு முன்பே எஞ்சினைக் குறைத்து, மூக்கைத் தூக்கியிருந்தது. வேகம் விழுந்ததும் நடுக்கம் நின்றது. விமானம் முழுசாகத் தரையிறங்கியது. ரிமோட்டைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டு நேரே வாலருகே போய்க் குனிந்தாள்.

அன்று மாலை கிளைட்டன் கூப்பிட்டான். அவனுடைய அழைப்புகள் எப்படியிருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். சாப்பிட்டாயா என்பான். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் ஜெஸ்மி பேசினாளா என்பான். மழை உண்டா என்பான். பிறகு, "சரி, வைக்கட்டா," என்பான். அவள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் மறுமுனையில் உம் கொட்டுவதுகூட நின்றுவிடும்.

அன்று அவள் வால் நடுங்கியதைச் சொன்னாள்.

"எந்தப் பக்கம்?" என்றான் கிளைட்டன். அவன் குரலில் ஒரு விறுவிறுப்பு. "முழு வேகத்துலயா, பாதியிலேயேவா? தரையில நிக்கும்போது சர்வோ சத்தம் போடுதா?"

மடலைத் தள்ளி இழுக்கும் சின்ன மோட்டாரைத்தான் சர்வோ என்பார்கள். மடலுக்கு ஒன்றாக வாலில் இரண்டு உண்டு. தரையில் எந்தச் சத்தமும் இல்லை என்றாள். பேட்டரியின் வோல்ட்டை எஞ்சின் ஓடும்போது பார்க்கச் சொன்னான். ஒயர்கள் சேரும் இடத்தில் உப்புக்காற்றுக்குப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். அழைப்பு முடிந்தபோது குசினியில் உலை வைத்த தண்ணீர் வற்றிப்போயிருந்தது. விஜிலா சிரித்துக்கொண்டே மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

அப்படித் தொடங்கியது. அவன் சொல்வான், அவள் செய்து பார்ப்பாள், ஞாயிற்றுக்கிழமை மெல்லப் பறக்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுவாள். பச்சை பூத்த முனைகளைச் சுரண்டித் துடைத்தாள். நடுக்கம் போகவில்லை. மடலின் கீல் இடைவெளியை டேப் ஒட்டி அடைத்தாள். போகவில்லை. சர்வோவையும் மடலையும் இணைக்கும் கம்பியை மாற்றினாள். இரண்டு சர்வோக்களையும் பக்கம் மாற்றிப் பொருத்தினாள். அப்போதும் வலதுபக்கமே நடுங்கியது.

"அப்போ சர்வோமேல குத்தமில்ல," என்றான் கிளைட்டன். "வேற எங்கனயோ இருக்கு. விடக்கூடாது விஜி."

வேலையிலிருந்து வந்ததும் அவள் முன்னறையில் விமானத்தின் வாலருகே உட்கார்ந்துவிடுவாள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைப்பாள். திருகாணி கழற்றும் சத்தத்தை வைத்தே, "அது ரொம்ப இறுகியிருக்கு, பாத்து," என்பான். விடுமுறையில் இருவரும் இதே தரையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலைபார்த்தது அவளுக்கு நினைவு வரும். அவன் முழங்கால் அவள் முழங்காலில் இடிக்கும். நகர்த்திக்கொள்ள மாட்டான்.

ஒருநாள் மாலை அவன் கூப்பிடுவதற்கு முன்பே அவள் வாலைத் திறந்தாள். கரண்ட் கொடுத்து, ஒரு கையால் மடலை மெதுவாக அசைத்தாள். கொஞ்சூண்டு ஆட்டம் தெரிந்தது. இன்னொரு கையின் விரலை உள்ளே விட்டு சர்வோவின்மேல் வைத்தாள். சர்வோவே ஆடியது. அதைத் தாங்கும் பிளைவுட் சட்டம் ஒரு முனையில் பசை விட்டிருந்தது. சர்வோ எவ்வளவு பிடித்து இழுத்தாலும் அதன் காலடியே நகர்கிறதே, மடல் எப்படி நிற்கும்.

பசை வைத்து, உள்ளே ஒரு மூலைக்கட்டை கொடுத்து, கவ்வி போட்டாள். அரைமணி நேர வேலை. கையைத் துடைத்தபோது போன் அடித்தது.

"என்னளா, ஏதாவது தெரிஞ்சுதா?"

அவள் வாய் திறந்தாள். கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னால், சபாஷ் என்பான். பிறகு சாப்பிட்டாயா என்பான். மழை உண்டா என்பான்.

"இல்லங்க," என்றாள். "இப்போ இடதுபக்கமும் லேசா ஆடுத மாதிரி இருக்கு."

அந்தப் பொய்யை வைத்து மூன்று வாரம் ஓட்டினாள். ஒவ்வொரு நாளும் ஒன்று சேர்த்துச் சொன்னாள். இல்லாத கோளாறு எப்படிப் பிடிபடும்? கிளைட்டனுக்குப் பிடிபடவில்லை. பேச்சு நீண்டது.

ஒரு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அவன் வீடியோவில் வந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கையில் ஒரு மரச்சாமான். சரக்குப் பெட்டியின் பலகையை அறுத்து, இழைத்து, அவர்கள் விமானத்தின் வால் அளவுக்கே ஒரு வாலைச் செய்திருந்தான். ஒர்க்‌ஷாப்பில் இருந்த காற்றடிக்கும் பெரிய பிளோயரின் முன்னால் அதைக் கட்டி, ஒவ்வொரு இடமாகத் தளர்த்திப் பார்க்கிறானாம். டூட்டி முடிந்து தூங்குகிற நேரத்தில்.

"ரெண்டு பக்கமும் சேந்து எப்படி ஆடும்னுதான் பிடிபட மாட்டேங்கு," என்றான். "ஆனா விட மாட்டேன். நீ அதுவரைக்கும் பறக்கவிடாத."

விஜிலாவால் அந்த மரவாலைப் பார்க்க முடியவில்லை.

"என்னங்க, அது சரியாயிட்டு," என்றாள். "அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டேன். சட்டம் பசை விட்டிருந்துச்சு. ஒட்டிட்டேன். இடதுபக்கம் ஒண்ணுமே இல்ல."

கிளைட்டன் கையிலிருந்த மரத்தைத் திருப்பிப் பார்த்தான். "எப்போ?" என்றான். சொன்னாள். "சரி," என்று போனை வைத்துவிட்டான்.

மறுநாள் அழைப்பு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவள் அனுப்பிய செய்தியைப் பார்த்திருந்தான், பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பொட்டலுக்குப் போய் விமானத்தை முழு வேகத்தில் இறக்கினாள். எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. வால் கல்லுபோல் நின்றது.

"அருமையா இருக்கும்மா," என்றார் செந்தூர்வேல். "சாருட்ட சொல்லுங்க, சந்தோசப்படுவாரு."

"சொல்லுதேன் அண்ணாச்சி," என்றாள். விமானத்தை வேனில் ஏற்றினாள்.

புதன்கிழமை சாயங்காலம் கிளைட்டன் கூப்பிட்டான். முகம் இல்லை, குரல் மட்டும்.

"கோவம் வந்துச்சு விஜி. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"வராம இருக்குமா," என்றாள் அவள். "சாப்பிட்டியான்னு கேப்பீய, மழை உண்டாம்பீய, வச்சிருவீய. சர்வோன்னா அரைமணி நேரம் பேசுதீய. நான் என்ன செய்ய, சொல்லுங்க."

"நீ ஆபீஸ் கதை சொல்லும்போது நான் இல்லாமலே அங்கன எல்லாம் நல்லபடியா நடக்குதுன்னு தோணும்," என்றான். "கேக்க முடியாது. வச்சிருவேன். கோளாறுன்னு சொன்னா, அதுக்கு நான் வேணும்லா. அந்த வாலைச் செஞ்சுக்கிட்டிருந்த நாளெல்லாம் வீட்டுல இருக்க மாதிரிதான் இருந்துச்சு."

விஜிலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பல வருஷமாக அவன் உம் கொட்டாமல் போனதற்கு அவளாக வேறு அர்த்தம் வைத்திருந்தாள்.

"இன்னொண்ணு," என்றான். "எனக்குப் பதிலா வரவேண்டிய ஆளு வரல. கிறிஸ்மஸுக்கு நான் ஊருக்கு வர முடியாது. பிப்ரவரி ஆயிரும்."

அவன் வைக்கட்டா என்று கேட்கவில்லை.

"இன்னைக்கு என்ன செஞ்ச? சொல்லு," என்றான்.

"ஒண்ணுமில்ல. ஒரு கோளாறும் இல்ல."

"கோளாறு இல்லாததையே சொல்லு."

"சீலா மீன் வாங்குனேன்."

"பொரிச்சியா?"

"கொழம்புதான். மிச்சம் கெடக்கு. ஒரு ஆளுக்கு அளவா வைக்க இன்னும் கை வரல எனக்கு."

வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"யாருட்ட வாங்குன?" என்றான். "எத்தன மணிக்குப் போன? மொதல்லருந்து சொல்லு."

விஜிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலையில் வீட்டுக்கதவைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கியதிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.